பூச்செடி வைக்காத தோட்டக்காரருக்கு

அண்ணாச்சி,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிச்சிருங்க. பிள்ளை இப்போதுதான் கண் அசந்தாள். பகலில் எழுத உட்கார்ந்தால் கோபத்தில் தாளைக் கிழித்துப் போடுகிறேன். இப்போதும் கோபம்தான். ஆனால் "என்ன எழுதுத?" என்று கேட்க வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை.

சாயங்காலம் மகளின் செருப்பைக் கழுவினேன். அடியில் அரை விரல் கனத்துக்குக் கரிசல் சேறு. சித்திரை மாதம், அண்ணாச்சி! பசுவந்தனை ரோட்டில் இரண்டு பக்கமும் நிலம் ஆட்டுக்குட்டியின் கால் சிக்கும் அளவுக்குப் பிளந்து கிடக்கிறது. அரசாங்கப் பங்களா வளாகத்தில் மட்டும் சேறு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் குரல்தான் கேட்டது: "ஏட்டி, செவுத்தடியில தண்ணி ஊத்தாத!"

அது நான் பங்களாவின் முன்பக்க ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸ் கழுவிய தண்ணீரை ஜன்னல் வழியே வீசினேன். வளாகத்தின் அந்தக் கோடியிலிருந்து மம்பட்டியோடு ஓடி வந்தீர்கள்.

"நான் என்ன ஆசிடா ஊத்திட்டேன்?"

"ஆசிடா இருந்தாக்கூட பரவால்லம்மா. இது தண்ணி."

நனைந்த சரளையை வாரி அப்புறம் போட்டுவிட்டு, காய்ந்த சரளையை அந்த இடத்தில் பரப்பினீர்கள். பங்களாவைச் சுற்றி நாலடி அகலத்துக்கு அந்தச் சரளைதான். சுவரிலிருந்து வெளியே சரிந்து, மழைத் தண்ணீரை ஒதுக்கி ஓடைக்கு அனுப்பும். அதில் ஒரு வேப்பங்கன்று தலை காட்டினாலும் பிடுங்கிப் போடுவீர்கள். தோட்டக்காரர் என்ற பெயரில் வேலை. ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு பூச்செடி வைத்ததில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் கேலி செய்தார்கள். நானும்தான்.

"கரிசலு தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல உப்பிச் சுருங்குனா செவுரு தாங்கிக்கிடும். ஒரு பக்கத்துக்கு மட்டும் குடிக்கக் குடுத்தா வெள்ளக்காரன் கட்டுனது என்ன, யாரு கட்டுனாலும் பிளக்கத்தான் செய்யும்" என்றீர்கள்.

"சரிங்க என்ஜினீயர் சார், டீ ஆறுது" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள்.

இனி எழுதப் போவதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அப்போது மகள் வயிற்றில் ஏழு மாதம். பங்களாவின் பின்பக்க ஹாலில் அங்கன்வாடி. சரளையில் விழுந்து பிள்ளைகளுக்கு முட்டி சிராய்க்கிறது, புல்லும் பூவும் இருந்தால் என்ன என்று தாய்மார்கள் மனுக் கொடுக்க வந்தார்கள். டைப் அடித்தது நான். அதில் ஒரு வரியை யாரும் கேட்காமல் நானே சேர்த்தேன். "தோட்டக்காரர் ஒருவர் பணியில் இருந்தும் வளாகத்தில் ஒரு பூச்செடிகூட இல்லை." நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே பெருமை.

எந்த மனுவுக்கும் அசையாத அதிகாரிகள் அந்த மனுவுக்கு அசைந்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று உங்களிடம் சொன்ன அன்று, அந்த மனுவின் நகலை என் மேசையில் கொண்டுவந்து வைத்தீர்கள். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். என்ன எழுதியிருக்குன்னு வாசிம்மா."

வாசித்தேன். என் வரியையும் வாசித்தேன். குரல் மாறாமல்தான் வாசித்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்காவ. பூச்செடி இல்லங்கது நெசந்தான" என்று சொல்லிவிட்டு, மம்பட்டியைக் கழுவித் துடைத்து மூலையில் சாத்திவிட்டுப் போனீர்கள். அப்புறம் புதியம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனிக்குக் காவலுக்குப் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். போன தை மாதம் நீங்கள் இறந்துபோனதை உங்கள் மகன் சொல்லித்தான் அறிந்தேன். அந்த வரியை எழுதியது நான்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்கள் போன பிறகு சரளையை வாரிவிட்டு, அங்கன்வாடி ஹாலின் கிழக்குச் சுவரை ஒட்டிப் புல்வெளி போட்டார்கள். இரண்டு வேளையும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். மேற்குப் பக்கம் வழக்கம்போலக் காய்ந்து கிடக்கிறது. இப்போது அங்கன்வாடி ஹாலின் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை விரிசல். "அம்மா, செவுரு புளியமுத்து திங்குது" என்கிறாள் மகள். பிள்ளைகள் ஆளுக்கொரு புளியங்கொட்டையை அதற்குள் தள்ளி விளையாடுகிறார்கள். டீச்சரிடம் கத்தினேன். "நான் என்ன செய்ய? மேல எழுதிப் போட்டுட்டேன்" என்றார்.

இன்றைக்கு ஒரு என்ஜினீயர் வந்தார். சின்னப் பையன், என்னைவிட இளையவன். விரிசலைப் போனில் படம் பிடித்துவிட்டு, "பழைய கட்டடம், வயசாயிடுச்சு மேடம். இடிக்க ரெக்கமண்ட் பண்ணிடலாம்" என்றான்.

"வயசா? உங்க தாத்தா பிறக்கும் முன்னாலயிருந்து விரிசல் விடாம நின்ன செவுரு. புல்லு போட்ட பிறகுதான விரிஞ்சிருக்கு! தண்ணிய நிறுத்துங்க சார்."

"புல்லு காஞ்சா என்னைத்தான் கேப்பாங்க."

"செவுரு விழுந்தா?"

போனைப் பையில் போட்டுக்கொண்டே, இடிக்க டெண்டர் விடுவார்கள் என்றான். டெண்டர் முடியும்வரை பிள்ளைகள் அதே ஹாலில்தானாம். வேறு இடம் இல்லையாம். புல்லுக்கு இடம் இருக்கிறது!

"உனக்கு எதுக்கு ஊர்வம்பு? நம்ம பிள்ளைய அனுப்பாம இரு" என்கிறார் வீட்டுக்காரர். அனுப்பமாட்டேன். ஆனால் மற்றப் பிள்ளைகள்? காடுகரை வேலைக்குப் போகும் தாய்மார்கள் அவர்களை எங்கே விடுவார்கள்? அந்தச் சுவரடியில் உட்காரப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் என் ஒரு வரியின் கீழ்தான் உட்காருகிறது.

அதனால் நாளைக்குக் காலையில் அந்த ஹாலின் வாசலில் உட்காரப் போகிறேன். பிள்ளைகளை முன்பக்க வராந்தாவுக்கு மாற்றும்வரை எழுந்திருப்பதாக இல்லை. கையில் ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே சரளை இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார், அவர் வேலை செய்யாதவர் என்று படும்படி எழுதியவள் நான் என்று என் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறேன். விரிசலுக்குக் காரணம் கட்டடத்தின் வயதல்ல, புல்லுக்கு விடும் தண்ணீர்தான் என்றும் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு ஆபீசில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் சிரித்தவள்தானே.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை, அண்ணாச்சி. தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தினால், ஊறிய கரிசல் வேகமாகச் சுருங்கி விரிசல் இன்னும் வாய் பிளக்குமோ? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமோ? அந்த என்ஜினீயருக்குத் தெரியவில்லை. ஆபீசில் கேட்டால் பதிலே வராது. நீங்கள் என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடுங்க.