கல்லில் இருக்கும் கெசையாவும் நீயும்

அப்பர் க்ரீக்
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் கெசையாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த யெல்லோநைஃப் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் முன்போலத்தான், வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன. நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை அவள் கோயிலுக்கென்று எடுத்து வைத்துவிட்டுக் கிழிந்ததையே போட்டுக்கொண்டு திரிகிறாள், நீயே ஒரு வார்த்தை சொல். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்வாள், பிறகு இரண்டு பேரும் அழுவீர்கள், சொல்ல வந்தது நடுவிலேயே நின்றுபோகும். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன், அதைக் கேட்கவும் பயமாக இருக்கிறது.

மரக் கம்பெனி கோடையில் நமக்கு நோட்டீஸ் அனுப்பியது உனக்குத் தெரியும். பின்காடு மட்டும்தான் கேட்கிறார்கள் என்று அப்போது நினைத்தோம், இப்போது பார்த்தால் அவர்கள் வரைபடத்தில் கல்லறை மேடு இருக்கிறது, நம் கிணறு இருக்கிறது, நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இந்த அடுப்படியும் இருக்கிறது. நம் குடும்பத்தின் முதல் தாத்தா கேட்டோ வார்னல் அமெரிக்காவில் அடிமையாக இருந்தவர், அங்கே ஆங்கிலேய ராஜாவை எதிர்த்துச் சண்டை நடந்தபோது ராஜாவின் பக்கம் வந்தால் விடுதலையும் நிலமும் தருகிறோம் என்றதை நம்பிக் கப்பலேறி வந்தவர். விடுதலையைக் கொடுத்தார்கள், இதுதான் உன் நிலம் என்று கையைக் காட்டினார்கள், பட்டாவை மட்டும் கொடுக்கவில்லை. அவர் மாதிரி வந்த கறுப்பர்களில் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? அதனால் டிசம்பர் முதல் வாரம் கைஸ்பரோவில் நில வழக்கைக் கேட்கும் கமிஷனர் முன்னால் நான் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று, கேட்டோவிலிருந்து என் வரைக்கும் அப்பன் மகன் என்று விட்டுப்போகாமல் இந்த மண்ணில் இருந்திருக்கிறோம் என்பது. காட்ட முடியாவிட்டால் இருநூறு வருஷமும் சும்மா வந்து குந்திக்கொண்டவர்கள் ஆகிவிடுவோம்.

அதற்குத்தான் நம் வக்கீல் டாசெட் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஆல்ட்ரிச் என்று ஓர் ஆளைப் பிடித்தார், பழைய குடும்பங்களின் வேர் தேடுவதுதான் அவர் தொழில். பாவம், நல்ல மனிதர், நம் வீட்டு அவித்த பீன்ஸை மூன்று தட்டு சாப்பிட்டார். வெள்ளைக்காரக் குடும்பம் என்றால் ராஜாவின் ஆட்கள் ஒரு மாட்டைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள், நம்மவர்களைத் தேடினால் 'ஒரு நீக்ரோ, மனைவி, பிள்ளைகள்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள் என்று அவரே நொந்துகொண்டார். என்னிலிருந்து மேலே போய், கேட்டோவின் மகன் என்று நாம் சொல்லிவரும் டைட்டஸ் வார்னல் வரைக்கும் பிடித்துவிட்டார், கிழவராகி இதே இடத்தில் செத்தது வரை இருக்கிறது. கேட்டோவுக்கும் டைட்டஸுக்கும் நடுவில்தான் இருட்டு. போன மாதம் ஒருநாள் வந்தார், உட்காரவில்லை, தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "மிஸ்டர் வார்னல், கேட்டோவுக்கு டைட்டஸ்னு ஒரு மகன் இருந்திருக்கான். ஆனா நாலு வயசுலயே செத்துட்டான், கோயில்ல அடக்கம் பண்ணினது பதிவாயிருக்கு. அதுக்கப்புறம் இருபது வருஷத்துப் பதிவேட்டுப் பக்கங்கள் தீயில போச்சு"ன்னு அவர் சொல்லச் சொல்ல உன் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

கம்பெனி வக்கீலும் அதைக் கண்டுபிடித்துவிட்டான். டாசெட்டிடம் சிரித்துக்கொண்டே சொன்னானாம், "செத்த பிள்ளைக்குப் பேரன் எப்படிய்யா பிறப்பான்? உங்க டைட்டஸ் எங்கிருந்தோ வந்து அந்தப் பேரைச் சொல்லிட்டு உட்கார்ந்தவன்"னு. அன்றைக்கு ஆரம்பித்த பயம்தான். வீடு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அதைவிடக் கேவலமான பயம் இன்னொரு பக்கம். முகம் மழிக்கக் கண்ணாடி முன் நின்றால், இது யார் மூஞ்சி என்று தோன்றுகிறது. கேட்டோவின் மூக்கு என்று என் அப்பா தடவிக் காட்டியதெல்லாம் பொய்யா? கோயிலில் பாட்டுப் பாட வாய் வரவில்லை. காட்டில் மரம் அறுக்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன். வெட்டப் போகும் இடத்துக்கு அடையாளமாகக் கம்பெனி ஆட்கள் மரத்துக்கு மரம் ஆரஞ்சு நாடா கட்டிக்கொண்டே வருகிறார்கள், ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டே.

நாடா கல்லறை மேட்டுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் நானும் அம்மாவும் போனோம். வேண்டாம் என்றாலும் அவள் கேட்கவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். உன் அக்காவின் கல்லைத்தான் முதலில் தேடினாள், அப்படியே இருக்கிறது, பாசிதான் ஏறிவிட்டது. அவள் உட்கார்ந்து கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது நாடாக் கட்டோடு வந்தது யார் தெரியுமா, நம் வாண்டாவின் மகன் எல்வுட், கம்பெனியில் அளக்கிற வேலையாம். எங்களைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தவன் கல்லைப் படித்தான், 'கெசையா வார்னல், ஆன்சல், பெர்னீஸ் இருவரின் மகள்' என்று என் பெயரும் உன் அம்மா பெயருமாக, வருஷம் இன்னும் பாசிக்குள்தான் இருந்தது. "ஐயோ, எப்போ? போன கிறிஸ்மஸ்ல எங்க லாரி பள்ளத்துல இறங்கினப்போ அவதானே தள்ளிவிட்டா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று கண் கலங்கி நின்றான். உன் அம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அட மடையா, செத்தவ வந்து உன் லாரியத் தள்ளுவாளா? இது மூத்தவடா, ஒரு வயசுல போனவ. உனக்குத் தள்ளினது அடுத்தவ. போன பிள்ளை பேரை மண்ணுலயே விட்டுடக் கூடாதுன்னு வார்னல் வீட்டுல அடுத்ததுக்கு அதே பேரைத்தான் வைப்பாங்க, எத்தனை தலைமுறையா இந்தக் கூத்து."

எனக்கு அப்போதுதான் மயிர்க்கூச்செறிந்தது மகளே. நானே என் கையால் உனக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறேன், பயம் கண்ணை மறைத்துவிட்டது. நாலு வயதில் போனது மூத்த டைட்டஸ். கிழவராகச் செத்தது அதே பெயரில் அடுத்துப் பிறந்தவர். ஆல்ட்ரிச்சிடம் சொன்னேன், தான் எழுதி வைத்திருந்த பிந்திய தலைமுறைகளைப் புரட்டிப் பார்த்தார், நம் வீட்டில் இன்னும் இரண்டு இடத்தில் அதே மாதிரி இருந்தது, ஒரே ஆளை எங்கேயோ வயது தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து அவர் அடித்துத் திருத்தியிருந்தார். ஆனால் டாசெட் இன்னும் முகம் மலரவில்லை. "ஆன்சல், வழக்கம்னு நீங்க சொன்னா, கேஸுக்காகச் சொல்றீங்கம்பாங்க. எரிஞ்ச பக்கத்துக்குப் பதிலா கண்ணால பார்க்கிற மாதிரி ஒண்ணு வேணும்" என்கிறார். கமிஷனர் மேட்டைப் பார்க்க வரச் சம்மதித்திருக்கிறார்.

இப்போது நான் கேட்கப் போவது உனக்குப் புரிந்திருக்கும். ஆறு வயதில் நீ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற புதிதில் அந்தக் கல்லில் உன் பெயரைப் படித்துவிட்டு அலறிக்கொண்டு இறங்கி ஓடி வந்தாய், அதற்குப் பிறகு இன்றுவரை அந்த மேட்டில் கால் வைத்ததில்லை. என் அப்பாவை அடக்கம் பண்ணும்போதுகூட வேலியோடு நின்றுகொண்டாய், நாங்கள் யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. உன்னை அந்தக் கல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கும் மனசு வரவில்லை. ஒரு கெசையாவை அங்கே விட்டு வந்தவன் நான், இன்னொருத்தியை நானே அங்கே கூப்பிடலாமா என்று பேனாவைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். வர முடியாது என்று நீ சொன்னாலும் நீ என் மகள்தான், அதில் மாற்றமில்லை.

வருவதானால் கனமான பூட்ஸ் கொண்டுவா, மேடு இப்போதே உறைந்துவிட்டது. பனி அடித்தால் வண்டி ஓட்டாதே, வழியில் ட்ரூரோவில் தங்கிவிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா நேற்றும் ஏறிப்போய்க் கல்லைச் சுரண்டினாள், இப்போது ஒவ்வொரு எழுத்தும் தூரத்திலிருந்தே தெரிகிறது. நீ பேச வேண்டியது அதிகமில்லை. உன் பெயர் என்ன என்று கமிஷனர் கேட்பார், அந்தக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு சொல், போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
ஆன்சல் வார்னல்