பாதி மீசையும் ஒரு கோலும்

என் ஒன்பதாம் நம்பருக்கு,

ஃபைனல் முடியும்வரை யாருக்கும் போன் கிடையாது என்று உங்கள் கோச் சொல்லிவிட்டாராம். அதனால் எழுதுகிறேன்.

நேற்று அரையிறுதியில், எண்பத்தெட்டாவது நிமிடத்தில் நீ கோல் அடித்தபோது நம் சலூனில் நிற்க இடமில்லை. கீழே உட்கார்ந்தவர்களுக்கும் தெரியட்டும் என்று டிவியைப் பெஞ்சில் இறக்கி வைத்திருந்தேன். நாற்காலியில் தபால்காரர், கையில் கத்தரியோடு நான். பந்து வலைக்குள் போனது, கத்தரி அவர் மீசைக்குள் போனது. பாதி மீசை காலி. மனுஷன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "மிச்சத்தையும் எடுத்துடுப்பா. மீசை முளைச்சுக்கும், உலகக் கோப்பை ஃபைனல் தினமுமா வருது?" என்றார்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். "நான் வர்ற வரைக்கும் அவளை நடக்க விட்டுடாதீங்க, சொல்லிட்டேன்" என்று மிரட்டிவிட்டுப் போனாயே, மறக்கவில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தவழ்கிறாள். அதற்கு மேல் எதுவும் கேட்காதே.

கோல் விழுந்ததும் டிவியில் உன் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த கடை சட்டென்று அமைதியாகிவிட்டது. எல்லோரும் விலகி வழி விட்டார்கள். யாருக்கு என்று வந்ததும் சொல்கிறேன். உன் கன்னம் தெரிந்த இடத்தில் ஐந்து குட்டி விரல்களின் தடம் இன்னும் இருக்கிறது. துடைக்க மனசு வரவில்லை.

ஃபைனலில் பதறாமல் ஆடு. கோப்பை வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நீ வா.

வரும்போது பாப்பாவுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வா. சும்மாதான் சொல்கிறேன்.

பொய் சொல்லத் தெரியாத
உன் வீட்டுக்காரன்