அவருக்குப் போடாத ஓட்டு

பிப்ரவரி 4

நகரசபைத் தேர்தலில் இந்த முறை பெண்களுக்கும் ஓட்டு உண்டு. இந்த ஊரில் இதுதான் முதல் தடவை. பெண்கள் நிற்கவும் செய்யலாம். எங்கள் வட்டத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா. இன்னொருவர் என் வீட்டுக்காரர். இவருடைய சலூனுக்கு வருகிறவர்கள் உசுப்பேற்றியே நிற்க வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 9

முடிவெட்ட வருகிற ஒவ்வொருவரும் "ஓட்டு உங்களுக்குத்தான்" என்கிறார்களாம். முகமெல்லாம் பூரிப்பு. கழுத்தருகே கத்தி இருக்கும்போது யார் இல்லை என்பார்கள்? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 15

மனசு ஒரு நிலையில் இல்லை. போன கோடையில் தெரு முழுக்கக் காய்ச்சல். குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்தவர் நர்ஸம்மா. நகரசபை வாசலில் போய் நின்றவரும் அவர்தான். இவர் நல்லவர், யார் மனமும் நோகக் கூடாது இவருக்கு. அங்கே போய் யாரை எதிர்த்துப் பேசுவார்? இதை மனதில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் சிரித்துப் பேசுவது?

பிப்ரவரி 16

சொல்லிவிட்டேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே.

"நான் நர்ஸம்மாவுக்குத்தாங்க போடப்போறேன்."

"வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சியா?" என்றார். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 18

நாத்தனார் வந்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். புருஷனைத் தெருவில் நிறுத்துகிறேனாம். நான் என்ன முதுகுக்குப் பின்னாடியா செஞ்சேன்? மூஞ்சிக்கு நேராதானே சொன்னேன் —

பிப்ரவரி 22

ஓட்டுப் போட்டாயிற்று. பெண்கள் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. நர்ஸம்மா பெயரைத் தேடி முத்திரை குத்தினேன். குத்திய இடம் சரிதான்.

பிப்ரவரி 24

நர்ஸம்மா ஜெயித்துவிட்டார். இந்த நகரசபைக்குள் போகும் முதல் பெண். இவருக்கு, வாக்குக் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூடப் போடவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பிப்ரவரி 27

இத்தனை நாளும் உம்மென்றிருந்தவர், இன்று காலை சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "அத்தனை பேரும் போடுறேன்னுட்டுப் போடல. போடமாட்டேன்னு சொன்னது நீ ஒருத்திதான்."

கோபமா, பாராட்டா? காபி கேட்டார். கொடுத்தேன்.

மார்ச் 10

சபையின் முதல் கூட்டம். "வா, போய்க் கேப்போம்" என்று இவரே கூப்பிட்டார். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தோம். நர்ஸம்மா குழாய் விஷயத்தைப் பேச எழுந்ததும் உறுப்பினர்கள் சிலர் கனைத்தார்கள், மேசையைத் தட்டினார்கள். அவர் குரல் தடுமாறியது. என் பக்கத்தில் இருந்த இவர் விருட்டென்று எழுந்துவிட்டார்.

"அவங்ககிட்ட தோத்தவன் சொல்றேன். பேச விடுங்கய்யா."

பார்வையாளர் பேசக் கூடாதாம். காவலாளி வந்து இவரை வெளியே கூட்டிப்போனான். நானும் எழுந்தேன். நீ இருந்து கேள் என்று கையமர்த்தினார். கடைசிவரை கேட்டேன்.

வெளியே வந்தால் படிக்கட்டில் நிற்கிறார். நர்ஸம்மா என்ன பேசினார், யார் என்ன பதில் சொன்னார், ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.