தொட்டி நிரம்பிய மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி என்று எதுவும் இல்லை. சின்னவள் வெள்ளத்தையே மறந்துவிட்டாள். தெருவில் தேங்கின தண்ணீரில் குதித்துவிட்டு வந்து என்னிடம் அடி வாங்குகிறாள்.

வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. தண்ணீர் நின்ற கோடு மட்டும் இன்னும் தெரிகிறது. பாய், பாத்திரம், செருப்பு எல்லாம் இப்போது பரணில்தான். "ஒரு சட்டை எடுக்க ஏணி போட வேண்டியிருக்கு. நாளைக்கு என்னையும் மேல ஏத்திடுவ போல" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

தையல் கம்பெனியில் ஒரு கூத்து நடந்தது, கேள். மதியம் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, ஜன்னலோரம் தண்ணீர் சடசடவென்று கொட்டியது. அவ்வளவுதான். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் மெஷினை நிறுத்திவிட்டு, தரையில் கிடந்த துணிக்கட்டுகளைத் தூக்கி மேசைமேல் அடுக்க ஆரம்பித்துவிட்டோம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சூப்பர்வைசர் ஸ்டிரைக் என்று பயந்து முதலாளிக்குப் போன் போட்டுவிட்டாராம்! மோட்டாரை நிறுத்தின பிறகுதான் இது வெள்ளமில்லை என்று எல்லோருக்கும் உறைத்தது. காலர் தைக்கிறவள் சிரிக்க ஆரம்பித்து, அடக்க முடியாமல் அழுதாள்.

நான்தான் இறங்கவில்லையாம். மேசைமேல் ஏறி, ஒரு துணிக்கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேனாம். அன்றைக்குப் படகு வரும்வரை சின்னவளைத் தூக்கிக்கொண்டு நின்றேனே, அதே மாதிரி. யார் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. கடைசியில் காலர்காரிதான் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "பிள்ளைய நான் வாங்கிட்டேன், நீ இறங்கு" என்றாளாம். பிறகுதான் இறங்கினேன்.

சூப்பர்வைசர் கத்தவில்லை. "ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு டாக்டரம்மா வர்றாங்க. பாத்துட்டு வந்து மெஷின்ல உக்காரும்மா" என்றார். பார்க்காமல் போனால் வேலை இல்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை, ஊசி ஓடுகிற இடம்.

ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். காலர்காரி போய் வந்துவிட்டாள், பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லையாம். ஆனால் வானம் மூட்டமாக இருந்தது அக்கா. பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் சின்னவளை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன். மறுபடி போனேன், மறுபடியும் அதே கதை. "நான் பாத்துக்கறேன், நீ போ" என்கிறார் இவர். வெள்ளத்தன்று இவர் வேலைக்குப் போயிருந்தார். அது அவர் குற்றமில்லை, தெரியும். இருந்தாலும் மனம் ஒப்பவில்லை.

அத்தானிடம் சொல்லிவிட்டு ஒரே ஒரு நாள் வந்து போ. எதுவும் வாங்கி வரவேண்டாம். நான் உள்ளே போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வரும்வரை, வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றால் போதும். சின்ன வயதில் உன்னை நெட்டைக்கொக்கு என்று கேலி செய்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ என்னைவிட உயரம் அக்கா. உன் கையில் இருந்தால் எனக்குப் பயமில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தங்கை