சனிக்கிழமை கூப்பிடும் பெயர்

ஆயில்டேல், கலிபோர்னியா
1956 ஜனவரி 8, ஞாயிறு

அன்புள்ள லோவெலுக்கு,

வில்மா எழுதுவது. நானும் நெல்டாவும் நலம். நீ நலமாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது. அது வந்து ஆறு நாளாகிறது, இப்போதுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தால் இல்லை. நெல்டாவுக்கு இருமல். நீ பயப்படாதே, உன் பங்குக்கும் சேர்த்து நான் பயந்தாகிவிட்டது. பத்து நாளாக மூடுபனி தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. எண்ணெய்ப் பம்பு ஏறி இறங்கும் சத்தம் கேட்கிறது, பம்பு கண்ணில் படவில்லை. டாக்டர் குழந்தையை வெந்நீர் ஆவியில் வைத்திருக்கச் சொன்னார். "முதல் குழந்தைதானே? ரெண்டாவதுக்கு நீங்க என்னைத் தேடியே வரமாட்டீங்க பாருங்க" என்றார். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. இந்தப் பத்தியை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து போய் அவள் மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று வானொலியில் உங்கள் குழுவின் நிகழ்ச்சி கேட்டேன். அங்கே டல்லஸில் ஒன்பது மணி, இங்கே ஏழு. வானொலியைக் குளிர்பெட்டியின் மேல் ஏற்றி, கம்பியைத் துணிக்கொடியில் கட்டிவிட்டால் நீங்கள் எல்லோரும் பக்கத்துத் தெருவில் இருப்பது போலக் கேட்கிறது. இரண்டாவது பாட்டின் நடுவில், பாடிக்கொண்டிருந்த உங்கள் குழுத் தலைவர் ஹாலிஸ் வழக்கம் போலக் கூப்பிட்டார்: "எங்கே நம்ம லோவெல்? வாப்பா, ஊரை ஒரு தடவை அழ வை பார்க்கலாம்!" அந்த இடம் வந்ததும் நெல்டாவைத் தூக்கி வானொலிக்கு நேராகப் பிடித்து "அப்பா" என்று சொல்வேன். நேற்றும் சொன்னேன்.

அதன் பிறகு ஸ்டீல் கிட்டார் எழுந்தது. போன இரண்டு வாரமும் நெல்டாவின் அழுகையில் பாட்டு சரியாகக் காதில் விழவில்லை, நேற்றுதான் முழுதாகக் கேட்டேன். லோவெல், நான் ஒன்று கேட்க வேண்டும்.

இரண்டு கம்பிகள் நின்ற இடத்திலேயே நிற்க, நடுவில் ஒன்று மட்டும் மெல்ல ஏறிப் போய் அவற்றோடு சேர்ந்தது. உன் கையில் இருக்கும் எஃகு உருளை எல்லாக் கம்பிகள் மேலும் ஒன்றாகப் படுத்திருக்கிறது. அது நகர்ந்தால் எல்லாமே நகரும். ஒன்றை மட்டும் ஏற்ற அதனால் முடியாது. இரண்டு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், இந்தக் கணக்கு எனக்கு வரும். காலால் மிதித்துக் கம்பியை இழுக்கும் புதுப் பெடல் கிட்டாரில்தான் அது நடக்கும். அப்படியானால் நீ பெடலுக்கு மாறிவிட்டாயா? "அது கிட்டார் இல்ல வில்மா, தையல் மெஷின். கொஞ்சம் விட்டா கிழிஞ்ச பேன்ட்டையும் தைச்சுக் குடுத்துடும்" என்று எங்கள் அண்ணனிடமும் என்னிடமும் சண்டை போட்டவன் நீதானே?

உன் இடது கணுக்கால் எப்படி மிதிக்கிறது? எண்ணெய்க் கிணற்றுக் குழாய் உருண்டு நசுக்கியதிலிருந்து அது மடங்குவதே இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலையாகப் பார் என்று அன்று டாக்டர் சொன்னதால்தான் கிட்டாரே உன் பிழைப்பாயிற்று. இவ்வளவு பெரிய விஷயத்தை எழுதாமல், "சனிக்கிழமை நல்லாப் போச்சு, ஹாலிஸ் முதுகில தட்டினார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். கோபம் இல்லை என்று மேலே எழுதினேன். கொஞ்சம் இருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. பாடுகிறவரின் சொல் முழுதாக இறங்கிய பிறகு, அரை மூச்சு தாமதித்துத்தான் நீ உள்ளே வருவாய். "பாடறவன் வாயை மூடாம நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்பாய். நேற்று ஸ்டீல் ஹாலிஸின் கடைசிச் சொல்லின் வாலை மிதித்துக்கொண்டு வந்தது. பெடல் வைத்தால் அப்படித்தானோ என்னவோ.

அவள் மறுபடி இருமுகிறாள். உடனே பதில் போடு.

உன் அன்பு மனைவி,
வில்மா


ஜனவரி 11, புதன்

அன்புள்ள லோவெலுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். விமான அஞ்சலில் போடுகிறேன். நெல்டாவுக்கு இருமல் இறங்கியிருக்கிறது, காய்ச்சல் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெர்னீஸ் இன்று சோளரொட்டி கொண்டுவந்தாள். உங்கள் குழுவில் பாஸ் வாத்தியம் வாசிக்கும் அவள் கணவர் டெல்மர் அவளுக்கு வாரம் தவறாமல் எழுதுகிறார் என்பது உனக்குத் தெரியும். நான் பேச்சோடு பேச்சாக, லோவெல் பெடல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார், கேட்டாயா என்றேன். அவள் கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "ஐயோ வில்மா, உனக்கு இன்னும் தெரியாதா? நான் வாயைத் திறந்தா டெல்மர் என்னைத் தலைமுழுகிடுவான். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே" என்றாள். நீ உயிரோடு இருக்கிறாயா என்றுதான் முதலில் கேட்டேன். "சீ, வாயைக் கழுவு. குத்துக்கல்லாட்டம் இருக்கான். பஸ் ஓட்டறான்" என்றாள்.

அப்புறம் எல்லாம் சொன்னாள். பெடல் சத்தம் இல்லாத குழுவை எந்த நடனக் கூடத்திலும் கூப்பிடுவதில்லை என்று ஹாலிஸ் டல்சாவிலிருந்து கர்டிஸ் என்கிற ஆளைக் கொண்டுவந்தாராம். மூன்று சனிக்கிழமைகளாக வாசிப்பது அவர்தானாம். நீ பஸ் ஓட்டி, பெட்டி இறக்கி, வாசலில் நின்று இசைத்தட்டு விற்கிறாயாம். வானொலியில் மட்டும் உன் பெயரையே கூப்பிடும்படி ஹாலிஸிடம் கேட்டாயாம். வீட்டில் கைக்குழந்தையோடு கேட்டுக்கொண்டிருப்பாள், நான் பெடல் படிக்கிற வரைக்கும் இப்படியே போகட்டும் என்றாயாம். கர்டிஸும் சிரித்துக்கொண்டே, "பேரு யாருதா இருந்தா என்னண்ணே, விரல் தேயறது எனக்குத்தானே" என்றாராம். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

தினமும் மத்தியானம் கூடம் காலியாக இருக்கும்போது அவர் கிட்டாரில் நீ மிதித்துப் பார்க்கிறாய் என்றும், கால் வீங்கி டெல்மர்தான் பூட்ஸை இழுத்துக் கழற்றுகிறார் என்றும் பெர்னீஸ் சொன்னாள். அவள் போன பிறகு என் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, இடது கணுக்காலை மடக்காமல் மிதித்துப் பார்த்தேன். முட்டியிலிருந்து இடுப்பு வரை வலிக்கிறது. நான் கால் மணி நேரம்தான் மிதித்தேன்.

எனக்கு இங்கே உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இரண்டு முறை அடுப்பை அணைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். அடுப்பையே இன்று பற்ற வைக்கவில்லை.

நான் பயப்படுவது வேலை போனதற்கு இல்லை. நம் கல்யாணத்துக்கு முன்னால் நீ ஒரே ஒரு முறை உன் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். பருத்தி முகாமில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்ட பிறகு யாரிடமும் சொல்லாமல் ஒன்பது நாள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலையில் கிளம்பிப் போனார், பத்தாவது நாள் திரும்பி வரவில்லை என்றாய். டப்பாவில் உன் அம்மா வைத்த பீன்ஸை முகாமுக்குப் பின்னால் கொட்டியிருந்தார், நீதான் அதைப் பார்த்தாய். அதை என்னிடம் சொன்ன அன்று, "நான் அப்படிப் பண்ண மாட்டேன்" என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது இதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. ஹாலிஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் பெயரைக் கூப்பிடுவது அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதுதான், லோவெல். எனக்கு அது வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். யார் வாசிக்கிறாரோ அவர் பெயரைக் கூப்பிடச் சொல். ஊரே கேட்கட்டும், நானும் கேட்கிறேன். இந்தச் சனிக்கிழமைக்குள் கடிதம் கிடைக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை. அந்தப் பெயர் என் காதில் விழுந்தால், நீ என் கடிதத்தைப் படித்துவிட்டாய், என்னிடம் மறைக்க இனி எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். வீட்டுக்கு வர உனக்குக் கூச்சம் இருக்காது என்றும் எடுத்துக்கொள்வேன். விழாவிட்டால் என்ன எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காலை ஐஸ் தண்ணீரில் வை. கர்டிஸைக் கேட்டாவது வை.

உன்,
வில்மா


ஜனவரி 22, ஞாயிறு

அன்புள்ள லோவெலுக்கு,

நெல்டாவுக்கு முழுதாகக் குணமாகிவிட்டது. கீழ் ஈறில் பல் எட்டிப் பார்க்கிறது, கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள். நீ விட்டுப்போன, கம்பி மீட்டும் பழைய விரல் கவசங்களைப் பரணில் போட்டுவிட்டேன், விழுங்கிவிடுவாளோ என்று.

பதினான்காம் தேதி சனிக்கிழமை ஹாலிஸ் உன் பெயரையே கூப்பிட்டார். கடிதம் கிடைத்திருக்காது என்று பெர்னீஸ் சமாதானம் சொன்னாள். ஒரு வாரம் முழுக்க நான் தபால்காரரைக் கண்டால் வாசலுக்கு ஓடினேன். புதன்கிழமை அவர், "அம்மா, கடிதத்தை நான் எழுத முடியாது, கொண்டுவரத்தான் முடியும்" என்று தூரத்திலிருந்தே கையை விரித்தார். நீ எழுதவில்லை. எழுதாத ஒவ்வொரு நாளையும் நான் எண்ணினேன், ஒன்பது வரை.

நேற்று மூடுபனியில் வானொலி சரியாக எடுக்கவில்லை. நெல்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பியைக் கையிலேயே பிடித்திருந்தேன். இரண்டாவது பாட்டு. ஹாலிஸ் "எங்கே நம்ம" என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஒரு நொடி இருக்கும். வானொலி நின்றுவிட்டதோ என்று அதைத் தட்டினேன். "எங்கே நம்ம கர்டிஸ்? டல்சாக்காரனே, வாப்பா, உன் கையைக் காட்டு" என்றார். கூட்டம் கைதட்டியது. கர்டிஸ் நன்றாக வாசித்தார். உண்மையைச் சொன்னால் மிக நன்றாக. நடுக் கம்பி ஏறிப்போய்ச் சேரும் இடத்தில் எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் கழித்து இப்போதுதான் அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று நினைப்பதை விட்டேன். நெல்டாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நிகழ்ச்சி முடியட்டும் என்று வானொலியை அணைக்காமல் விட்டிருந்தேன். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடும் தேவாலயப் பாட்டு. ஹாலிஸ் அதன் மேலேயே நேயர்களுக்கு நல்லிரவு சொன்னார். அவருடைய கடைசிச் சொல் முழுதாக இறங்கியது. அரை மூச்சு ஒன்றுமே இல்லை. அதன் பிறகு ஸ்டீல் வந்தது. எல்லாக் கம்பிகளும் ஒன்றாக நகர்ந்தன. ஒன்று ஏற, மற்றவை நிற்க, அப்படி எதுவும் இல்லை. எல்லாம் ஒரே கையின் கீழ் ஏறி, ஒரே கையின் கீழ் இறங்கின. மேல் சுரத்தில் உன் உருளை எப்போதும் நடுங்குவது போலக் கொஞ்சம் நடுங்கியது. பாதியில் மாவு விளம்பரம் வந்து மூடிவிட்டது. யாரும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை.

ஒரு மாதமாக அடுத்தவர் கையைக் காட்டி அந்தக் குழந்தைக்கு "அப்பா" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேற்று அந்தக் கடைசிப் பாட்டில்தான் சரியாகச் சொன்னேன்.

பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டேன். மார்ச் மாதம் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை பிரசவத்துக்குப் போகிறாள். நான் வேலை கேட்டேன். "கைக்குழந்தை இருக்கே, யார் பார்த்துக்குவாங்க?" என்றார். அவளுடைய அப்பா என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டுவதானால் வந்து திட்டு. தையல் மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தி, அதற்குப் பக்கத்தில் உன் கிட்டார் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். அளந்து பார்த்தேன், சரியாக இருக்கும். பெடல் இல்லாத கிட்டாருக்குத்தான் அளந்தேன். உனக்கு வேறு யோசனை இருந்தால் கட்டிலையும் நகர்த்தலாம்.

பதின்மூன்று வார வானொலி ஒப்பந்தம் பிப்ரவரி பதினெட்டோடு முடிகிறது. ஹாலிஸின் பஸ்ஸை நீதான் ஓட்டுகிறாய். எல்லோரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டு நீ மட்டும் எங்கோ போய்விடாதே.

கடவுள் உன் கையையும் காலையும் காக்கட்டும். நம் வீட்டில் சாப்பாட்டு டப்பா ஒன்றுதான் இருக்கிறது. அதை எடுத்து என் பெயரை எழுதிவிட்டேன். மார்ச்சிலிருந்து காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போவது நான்தான். நீ வாசலில் நெல்டாவோடு நின்று, சாயங்காலம் நான் திரும்பி வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிரு.

எப்போதும் உன்,
வில்மா