கடல் தெரியாத மைதானம்

அக்கா,

இன்று காலை உங்கள் கோல்ஃப் பையின் பக்கத்துச் சிப்பை இழுத்துத் திறந்தேன். முதலில் வந்தது வெயிலுக்குப் பூசுகிற களிம்பின் வாசம். அதற்குப் பின்னால், மெதுவாக, பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும். கையை உள்ளே விட்டுத் துழாவினால், தட்டையாய், மொறுமொறுவென்று சுடுகிற பருத்தித்துறை வடையின் உடைந்த துண்டு ஒன்று கல்லாகிப்போய்ப் பந்து ஒன்றின் பக்கத்தில் கிடக்கிறது. எங்கள் வீட்டு நிலவறையில் நின்றபடியே உங்களைப் பேசினேன், நல்ல ஏச்சு. "உதுக்குத்தானே சொன்னனான், வடையைப் பெட்டியிலை வையுங்கோ, பைக்குள்ளை சும்மா போடாதையுங்கோ எண்டு." பேசி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. உங்களைப் பேசாமல் இருந்து எனக்கு வாய் துருப்பிடித்துப்போய்விட்டது, அக்கா.

பையைத் திறக்க வைத்தது உங்கள் மகள். நேற்றுப் பின்னேரம் தொலைபேசிக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். நாங்கள் போன அதே கரீபியன் தீவு, அதே விடுதி, அதே இரண்டு மைதானங்கள். ஒன்று கடலோரம், மற்றது தென்னைகளுக்குள். வருகிற ஊர்லாப்புக்கு, அதுதான் விடுமுறைக்கு, என்னையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறாளாம். கீழே எழுதியிருந்தாள்: "அன்ரி, உங்கட முழங்காலுக்குத் தென்னை மைதானம்தான் சுகம் எண்டு நினைக்கிறன். எனக்கு எதெண்டாலும் சரி." அந்தக் கடைசி வசனத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தாயின் வாய் அப்படியே பிள்ளைக்கு. இரவு முழுக்கப் பதில் எழுதவில்லை. காலையில் எழும்பி நேரே நிலவறைக்கு இறங்கிவிட்டேன்.

நாங்கள் கோல்ஃப் விளையாடுகிறோம் என்பதை இங்கே ஜேர்மனியில், ஹம் நகரில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஒருவரும் ஒழுங்காக நம்பவில்லை, ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்த முதியோர் இல்லத்தில், வேலை செய்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை எங்காவது கூட்டிப்போவார்கள். அந்த வருடம் பட்டணத்துக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானம். ஆளுக்கொரு தடியைக் கையில் தந்து அடித்துப் பார்க்கச் சொன்னார்கள். நான் அடித்தது புல்லை. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நீங்களோ பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவர், நீண்ட தடியால் பந்தை விளாசிவிட்டு ஓடுகிற அந்த விளையாட்டில் கெட்டிக்காரி. வாங்கினீர்கள், விளாசினீர்கள். பந்து எங்கே போனது என்று சொல்லித்தந்தவருக்கே தெரியவில்லை. அடித்துவிட்டு எல்லே ஞாபகத்தில் ஓடவும் வெளிக்கிட்டீர்கள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஜேர்மனியில் எதற்கும் ஒரு பரீட்சை வேண்டும், புல்லில் பந்து உருட்டவும் வேண்டும். இரண்டு பேரும் படித்து அதையும் எடுத்தோம். கோயில் வீதியில் ஒரு மனிசி கேட்டா, "கோல்ஃபோ? அது டொக்டர்மார் விளையாடுறதெல்லோ?" என்று. நீங்கள் சிரித்துக்கொண்டு, "ஓம், எங்களுக்கும் டொக்டர்மாரோடைதானே இப்ப பழக்கம்" என்றீர்கள். இருதயத்தில் குழாய் வைத்த புதிது உங்களுக்கு. நடக்கச் சொல்லியிருந்தார்கள், ஏற்றம் மட்டும் கூடாது என்று. ஹம்மைச் சுற்றி ஏற்றத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பயணத்தைத் தந்தார்கள். அத்தானும் இல்லாத உங்களைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் என்னையும் சேர்த்துவிட்டார்கள். அதுவரை எங்கள் விடுமுறை எல்லாம் இலண்டனில் ஒரு கலியாணம், ரொறொன்ரோவில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, பாரிசில் ஒரு செத்தவீடு. சும்மா இருப்பதற்காக ஒரு நாட்டுக்குப் போவது எங்களுக்கு விளங்கவே இல்லை. என் மனிசனுக்குப் பருப்புக்கறி வைத்து, பிரித்துப் பிரித்துக் குளிரூட்டிப் பெட்டியில் அடுக்கிவிட்டு வந்தேன். விமானம் மேலே ஏறினதும் நீங்கள் என் காதுக்குள் கேட்டீர்கள்: "எடியே, அங்கை ஆரையும் போய்ப் பாக்கத் தேவையில்லையோ?"

தேவையில்லை. ஆனால் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டியிருந்தது. விடுதியோடு சேர்த்து ஆளுக்கு ஒரு ஆட்டம் தந்திருந்தார்கள். இரண்டு மைதானத்தில் எதுவென்று அன்றைக்கே சொல்லவேண்டும். வரவேற்பு மேசையில் இருந்த பெண் நல்ல ஜேர்மன் பேசினாள். இரண்டு படங்களை விரித்தாள். கடல் மைதானம் வடிவு, ஆனால் காற்று, மேடு பள்ளம், ஓரிடத்தில் பந்தைக் கடலுக்கு மேலாக அடித்துக் கடக்கவேண்டும். தென்னை மைதானம் மட்டம், நிழல், கரைச்சல் இல்லை. நீங்கள் கடல் படத்தைப் பார்த்தீர்கள். நான் உங்கள் நெஞ்சைப் பார்த்தேன். "மேடு பள்ளம்" என்று அவள் சொன்ன சொல்லே எனக்குக் காதில் நின்றது.

"உங்களுக்கு எது விருப்பம், அக்கா?"

"எனக்கு எதெண்டாலும் சரி. நீ சொல்லு."

"இல்லை, பிறந்தநாள் உங்களுக்கெல்லோ. நீங்கள் சொல்லுங்கோ."

"எனக்கென்ன. உனக்கு எது சுகமோ அதுதான் எனக்கும்."

எங்கள் சனத்தின் பிறவிக்குணம் இது. ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டாம் என்போம், வீட்டுக்காரரும் அதை நம்பாமல் அடுப்பை மூட்டுவார். வேண்டாம் என்றால் வேண்டும், எதுவும் சரி என்றால் எதுவோ ஒன்று மனதில் இருக்கிறது, அதை மற்றவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். அந்தப் பெண்ணுக்கு இது எங்கே தெரியப்போகிறது? ஒருமுறை உங்களைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் நின்ற ஜேர்மன்காரர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். கடைசியில் நான்தான் துணிந்து, தென்னை மைதானம் என்றேன். "ஓம் ஓம், அதுதான் நல்லது" என்று நீங்கள் உடனே சொன்னீர்கள். உங்கள் மனதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

தென்னை மைதானத்தில் ஒரு குறையும் இல்லை. வண்டியில் இருந்து இறங்கினால் பாய் விரித்ததுபோலப் புல். பாதி ஆட்டத்தில் உங்கள் பந்து ஒரு தென்னையில் பட்டுத் தெறித்துச் செடிப் பற்றைக்குள் போனது. தேடிப் போன நீங்கள் கனநேரம் வரவில்லை. எனக்குப் பயம் பிடித்து ஓடிவந்து பார்த்தால், வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

"அக்கா, நெஞ்சு ஏதும் செய்யுதோ?"

"சத்தம் போடாதை. கேக்குதோ?"

"என்ன?"

"கடல்."

கேட்டது. மரங்களுக்கு அப்பால் எங்கேயோ அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு எட்டிப் பார்த்தும் ஒரு துண்டு நீலம்கூடத் தெரியவில்லை.

"அங்கை போயிருக்கலாம்" என்றீர்கள், கம்பியை விடாமல்.

"அப்ப ஏன் இதுக்கு ஓம் எண்டனியள்?"

"நீயெல்லோ இதைச் சொன்னாய். உனக்கு நேராய்ப் போற பந்தே போகாது, கடலைத் தாண்டச் சொன்னா அழுதுபோடுவாய் எண்டு நினைச்சன்."

"எனக்கோ? ஐயோ கடவுளே! எனக்கும் கடலடிக்குத்தான் ஆசை. நான் உங்கட நெஞ்சுக்காகவெல்லோ இதைச் சொன்னனான்!"

"என்ர நெஞ்சிட்டைக் கேட்டனியோ?"

எனக்குச் சரியான கோபம். உங்களுக்கு அதைவிடக் கோபம். வண்டியில் ஏறி, இரண்டு பேரும் இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். பின்னால் வந்தவர்களுக்குக் கையைக் காட்டி முன்னால் போகச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் நீங்கள் பையின் சிப்பைத் திறந்து வடை எடுத்து ஒன்றை எனக்கு நீட்டினீர்கள். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் உடனே அதை உங்கள் வாயில் போட்டீர்கள். "வேண்டாம் எண்டாய்தானே" என்றீர்கள், வாய் நிறைய வடையோடு. அப்போது வந்த சிரிப்பு! அழுகை வருமட்டும் சிரித்தோம். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சிரித்து ஓய்ந்தபிறகு நீங்கள் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம். "கூறைச்சேலை எடுக்கேக்கையும் என்ன நிறம் எண்டு கேட்டவை. எதெண்டாலும் சரி எண்டனான். அத்தான் ஜேர்மனி எண்டார், சரி எண்டனான். ஆரும் என்னைக் கட்டாயப்படுத்தேல்லை, எடி. எனக்கு எது விருப்பம் எண்டு எனக்கே தெரியாமல் போச்சுது. அந்தக் கடல் படத்தைக் கண்டோடனைதான் முதன்முதலாய்த் தெரிஞ்சுது. அதையும் வாயைத் திறந்து சொல்லேல்லை." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "இனி ஆர் எதெண்டாலும் சரி எண்டாலும், வேண்டாம் எண்டாலும், மற்றவள் 'ஆருக்காக?' எண்டு கேக்கவேணும். கேட்டா உண்மை சொல்லவேணும். சரியோ?" சரி என்றேன். நீங்கள் உடனே, "ஆருக்காக?" என்றீர்கள். பகிடிக்குக் குறைவில்லை உங்களிடம்.

திரும்புகிற நாள் விமானம் இரவில்தான். காலையில் நீங்கள் என்னை எழுப்பி, "வெளிக்கிடு" என்றீர்கள். கீழே போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, எங்கள் சொந்தச் செலவில் கடல் மைதானம் வேண்டும் என்றீர்கள். பாண் விற்கிற பேக்கரியில்கூட ஒரு பாணைப் பணிந்து பணிந்து கேட்கிற மனிசி. அவள் முழு ஆட்டத்துக்கு இடமில்லை, கடைசிப் பகுதியை மட்டும் விளையாடலாம் என்றாள். "அந்தக் கடல் தாண்டுற இடம் அதுக்குள்ளை வருமோ எண்டு கேள்" என்று என்னை இடித்தீர்கள். வந்தது.

மேட்டில் வண்டியை விட்டு இறங்கி, மூச்சு வாங்கி, ஆறுதலாக நின்றீர்கள். காற்று தொப்பியைக் கொண்டுபோனது. விளாசினீர்கள். பந்து வடிவாக எழும்பி, நேரே கடலுக்குள் விழுந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்களோ இரண்டு கையையும் தூக்கிக் குதிக்காத குறை. "விழுந்தா விழட்டும்! என்ர பந்து, நான் கேட்ட கடல்!" பிறகு பயந்தாங்கொள்ளி நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து அக்கரையில் போய் நின்றது. அதை நீங்கள் சாகுமட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. காற்றுத்தானாம் கொண்டுபோனது.

சாகுமட்டும் என்று எழுதிவிட்டேன். எழுதத்தானே வேண்டும்.

வயிற்றில் கட்டி என்று சொன்னபோது நீங்கள் அழவில்லை. மருந்து ஏற்றினார்கள், முடி போனது, பிறகு கட்டி திரும்பி வந்தது. இன்னொரு மருந்து இருக்கிறது, குணமாகாது, கொஞ்சக்காலம் நீட்டலாம், ஆனால் ஆஸ்பத்திரியில்தான் இருக்கவேண்டிவரும் என்று டொக்டர் சொன்ன அந்த நாள், பிள்ளைகள் இரண்டு பக்கமும், நான் கால்மாட்டில். நீங்கள் மெல்லிய குரலில், "வேண்டாம்" என்றீர்கள்.

மகன் டொக்டரிடம் ஜேர்மனில் சொன்னான், அம்மா அப்படித்தான் சொல்லுவா, நீங்கள் ஒழுங்கு செய்யுங்கள் என்று. பிறகு தமிழில் என்னிடம், "அன்ரி, அம்மா சாப்பாட்டுக்கும் முதல் வேண்டாம் எண்டுதானே சொல்லுறவ. எங்களுக்குக் கரைச்சல் எண்டு யோசிக்கிறா" என்றான். அவன் பிழையாகச் சொல்லவில்லை. அவன் அறிந்த தாய் அதுதான். எனக்கும் உள்ளுக்குள் அதே ஆசை. உங்கள் 'வேண்டாம்' என்பதை 'வேண்டும்' என்று எடுத்துக்கொள்ள நானும் ஆயத்தமாகவே நின்றேன். இன்னும் ஒரு கோடை கிடைக்காதா என்றிருந்தது.

ஆனால் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பார்வை. கேட்கவேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது. கேட்டேன்.

"ஆருக்காக, அக்கா?"

"எனக்காகத்தான். எனக்கு வீட்டை போகவேணும்."

பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டொக்டரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தென்னை மைதானத்தில் இருந்து எல்லாவற்றையும் அந்தக் கட்டிலடியில் அவர்களுக்குச் சொன்னேன். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். மகள் உங்கள் கையைப் பிடித்து, "சரி அம்மா, போவம்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் எங்களைப் படுத்தினபாடு! ஜன்னலடியில் கட்டில் வேண்டும், இடியப்பம் வேண்டாம் புட்டு வேண்டும், இன்ன மனிசி வந்தால் கதவைத் திறக்காதே. அறுபது வருடம் கேட்காததையெல்லாம் அந்தக் கொஞ்ச நாளில் கேட்டுத் தீர்த்தீர்கள். உங்களை அவ்வளவு சந்தோசமாக நான் வேறு எப்போதும் கண்டதில்லை. கடைசிப் பின்னேரமும் ஜன்னலைத் திறக்கச் சொன்னீர்கள். திறந்தேன்.

நிலவறையில் இருந்து மேலே வந்து உங்கள் மகளுக்குப் போன் எடுத்தேன். "தென்னை மைதானம் எண்டியே பிள்ளை, அது ஆருக்காக?" என்று கேட்டேன். கட்டிலடியில் கேட்ட கேள்வியல்லவா, அவளுக்கு மறக்குமா? சின்னப் பிள்ளைபோல விசும்பினாள். "எனக்கு அம்மாட பந்து விழுந்த இடத்தைப் பாக்கவேணும், அன்ரி. உங்களுக்கு ஏலாதெண்டு நினைச்சன்."

"என்ர முழங்காலிட்டைக் கேட்டனியோ?" என்றேன். உங்கள் வாய் இப்போது எனக்கும் வந்துவிட்டது.

கடல் மைதானத்துக்குப் பதிந்துவிட்டோம், அக்கா. வடை நான்தான் சுடப்போகிறேன், பெட்டியில்தான் வைப்பேன். உங்களுக்காகப் போகிறோம் என்று அங்கே இருந்து பெருமைப்படாதேயுங்கோ. எனக்கு அந்தக் கடல் வேணும்.