வெளிச்சம் தெரிந்தால் அமுக்குங்கள்

கொடைக்கானல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி சஃபீருக்கு அக்கா ரபியாவின் ஸலாம்.

இங்கே நானும் உன் மகள் ஷிபானாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை, நான் பேசி அனுப்புவதைக் கேட்பதுமில்லை. அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் நம் ஊர்க்காரர் ஒலியுல்லாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்மேல் எரிந்து விழாதே.

என் கண் விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுவிட்டு போனை வைத்தாய். முழுவதையும் சொல்கிறேன். சீசன் சமயத்தில் நம் தைலக் கடையில் வலப்பக்கம் வந்து நிற்கிறவர்களை நான் கவனிக்காமல் விட்டேன். ஒரு அம்மா, "கூப்புட்டுக்கிட்டே நிக்கிறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறீங்க" என்று கோபித்துக்கொண்டு போனார். கூட்டம், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். கண் முகாமுக்குப் போனதே படிக்கிற கண்ணாடி வாங்கத்தான். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தேன். ஆனால் கண்ணுக்குள் பார்த்த டாக்டர் அழுத்தத்தையும் அளந்து பார்த்தார். இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் முப்பத்தாறு இருந்தது. உடனே மதுரைக்குப் போகச் சொன்னார்.

மதுரையில் ஒரு கருவி முன்னால் தாடையை வைத்து உட்காரவைத்தார்கள். கையில் ஒரு பொத்தான். "வெளிச்சம் தெரிஞ்சா அமுக்குங்கக்கா" என்றாள் அந்தப் பெண். வலது கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். அவள் என் தோளில் கை வைத்து, "ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சுக்கா" என்றாள்.

சஃபீர், குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோயாம் இது. வலியில்லை, சிவப்பில்லை. நேரே பார்த்தால் ஊசியில் நூல்கூடக் கோக்கலாம். ஓரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பட்டுப்போனால் திரும்பத் துளிர்க்காதாம். இடது கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் இப்போது மருந்து ஊற்றுகிறேன்.

கூடப் பிறந்தவர்கள் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது பார்வை போயிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். ஒரு தம்பி என்றேன். நம் அத்தா கடைசியில் சுவரைத் தடவித் தடவி நடந்ததைச் சொன்னேன். அதுவும் இதுவாகவே இருந்திருக்கலாம் என்றார். தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டார். மஸ்கட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

போன லீவில் பெருமாள்மலை வளைவில், நின்றிருந்த ஜீப்பை உரசினாயே, நினைவிருக்கிறதா? "ஓரமா நிறுத்தாம எவன் நட்டநடுவுல நிறுத்தினான்" என்று சத்தம் போட்டாய். அந்த ஜீப் ஓரமாகத்தான் நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கு அர்த்தம் புரியவில்லை. உன் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பிள்ளை வண்டியை ஒட்டி நடந்து போகிறது, உனக்குத் தெரியவில்லை என்றால்? இந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கண்ணைக் காட்டு என்று அன்று போனில் சொன்னதற்கு, "லைசென்ஸ் போச்சுன்னா ஊருக்கு அனுப்பிருவாங்க. என் கண்ணு பளிச்சுனு தெரியுது. நீ உன் சோலியப் பாருக்கா" என்றாய். எனக்கும் பளிச்சென்றுதான் தெரிந்தது, தம்பி.

இனி எழுதப்போவதைத்தான் போனில் சொல்லத் தவித்தேன். ஷிபானாவையும் மதுரைக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கும் அழுத்தம் கூடுதல். பொத்தான் அமுக்கும் சோதனையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நரம்பைப் படம் எடுத்துப் பார்த்ததில் கீழ்ப்பக்கம் லேசாக மெலிய ஆரம்பித்திருக்கிறது. "பார்வை போறதுக்கு முந்தியே புடிச்சிட்டோம். விடாம மருந்து ஊத்துனா இந்தப் புள்ளைக்குப் பயமில்லம்மா" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் அழுதுவிட்டேன்.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து மருந்து பாட்டிலை அலமாரியில் வைத்தாள். இன்றுவரை அதன் மூடியைத் திருகவில்லை. தினமும் எனக்கு மட்டும் கை நடுங்காமல் ஊற்றிவிடுகிறாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் கையையும் ஓங்கிவிட்டேன். "அத்தா கண்ணக் காட்டுற அன்னைக்கு நானும் ஊத்திக்கிறேன்" என்கிறாள். வேறு பேச்சே இல்லை. தாயில்லாத பிள்ளை. உன் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது. நான் யாரிடம் போய் முறையிட?

கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துவிட்டு வந்துவிடாதே. கண் டாக்டரிடம் போய், எங்கள் குடும்பத்தில் குளுக்கோமா இருக்கிறது, அழுத்தமும் நரம்பும் பார்க்க வேண்டும் என்று சொல். ஒலியுல்லா கூட வருவார். அங்கிருந்தே மகளுக்குப் போன் செய். என்னிடம் பேசவே வேண்டாம், அவளிடம் பேசு. வேலை போனால் வா. இந்தத் தைலக் கடை நம் மூன்று பேருக்கும் சோறு போடும்.

அல்லாஹ் உன்னைக் காப்பானாக. உன் பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையையும் காப்பானாக. உன் மகளுக்கு நல்ல புத்தியைக் கொடுப்பானாக. வெரசா போ, சஃபீர்.

உனக்காகவே துஆ செய்துகொண்டிருக்கும்
அக்கா ரபியா